தள உரிமையாளரே ஆனாலும் சரி

என் அத்தான் மெத்தைக் கடைக்காரர். அக்காவைக் கட்டிக்கொடுத்த சமயத்தில், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் எங்கள் அப்பா, "ஊரையே தூங்க வைக்கிறார்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அக்காவைச் சேர்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தானைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கடைக்குள் நுழைகிற ஆளின் நடையைப் பார்த்தே அவருக்குக் கெட்டி மெத்தை சரிப்படுமா, இளக்கமான மெத்தை சரிப்படுமா என்று சொல்லிவிடுவார். உள்ளங்கையால் மெத்தையை அழுத்தி, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி ஒரு தலையாட்டல். வாங்க வந்தவர் அதிலேயே விழுந்துவிடுவார். பொய் சொல்லி விற்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வார். கோணுவது என் முகம்தான். வண்டி ஓட்டுகிறவன் நான். மாடிப்படி திருப்பத்தில் இரட்டைக் கட்டில் மெத்தையோடு நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அப்படியே லேசா மடக்கு மச்சான்" என்பார். லேசாக மடங்கும் மெத்தையை இந்த உலகத்தில் இன்னும் யாரும் செய்யவில்லை.

இனி மற்றது. அத்தான் குறட்டை விடுவார்.

எல்லோரும் விடுவதுதானே என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் வெள்ளையடித்தபோது ஒரே ஒரு ராத்திரி அவர்கள் வீட்டில் படுத்தேன். அதை வைத்துச் சொல்கிறேன். முதலில் தூரத்தில் எங்கோ மேசையை இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு அந்த மேசை நம் அறைக்கே வந்துவிடும். அடுத்த கட்டத்தில் அலமாரிக் கண்ணாடி நடுங்கும். கடைசியில் திடீரென்று எல்லாம் நின்று, பேச்சுமூச்சில்லாமல் இருந்துவிட்டு, தெளிவான வியாபாரக் குரலில், "குறைக்க முடியாதுங்க" என்பார். மறுபடி மேசை. அக்கா ஒரு தள்ளு தள்ளுவாள், கொஞ்சம் அடங்கும், மறுபடி மேசை. நான் எழுந்து போய் வண்டியில் படுத்துக்கொண்டேன்.

அத்தான் இதில் ஒரு வார்த்தையையும் நம்பமாட்டார். "ஒரு நாளாவது அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேனா?" என்பது அவர் கட்சி. நீ கனவு கண்டிருப்பாய் என்று அக்காவிடம் சொல்லிவிடுவார். தூங்காதவளுக்குக் கனவு எப்படி வரும் என்று அக்கா கேட்பாள். அதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

அக்காவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. வரிசையில் நிற்பவர்களிடம் கவர்களை வாங்கி முத்திரை குத்த வேண்டும். ஒருநாள் கண் சொக்கி, கவருக்குப் பதிலாக ஒரு பெரியவரின் புறங்கையில் குத்திவிட்டாள். அவர் நல்ல மனிதர், எந்த ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வரிசையில் அடுத்து நின்றவர் சும்மா விடவில்லை, புகார் செய்துவிட்டார். இன்னொரு தடவை கவுன்டரில் தூங்கினால் பின்கட்டில் மூட்டை பிரிக்கப் போட்டுவிடுவேன் என்று மேலதிகாரி எச்சரித்திருந்தார். அதை வீட்டில் வந்து சொன்னபோது அத்தான் உண்மையிலேயே கவலைப்பட்டார். மெத்தை சரியில்லையோ என்று புதிதாக ஒன்று கொண்டுவந்து போட்டார். இந்த ஆளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அதன் பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் அமைதித் தலையணை. நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. பள்ளத்தில் தலையை வைத்தால் குறட்டை வராது என்பது ஏற்பாடு. வேலை செய்கிறதா என்று யார் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்து, நானே அதில்தான் படுக்கிறேன், இதுவரை ஒரு சத்தம் கேட்டதில்லை என்பார். மனசறிந்து சொன்ன உண்மை அது. எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு மெத்தைக் கடைக்காரர் அதைப் பார்த்து அதே பள்ளத்தோடு 'நிம்மதித் தலையணை' என்று ஒன்றைப் போட்டதும் அத்தானுக்கு வயிறு எரிந்தது. முந்திக்கொள்ள வேண்டும் என்று தலையணைக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். தளம் செய்துகொடுத்த அம்மாள், வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்ள ஒரு மன்றமும் வைக்கலாமா என்று கேட்டார். சும்மா வருகிறதை ஏன் விடவேண்டும் என்று அத்தான் தலையாட்டினார்.

தலையணை அப்படியொன்றும் விற்கவில்லை. மன்றம் பிய்த்துக்கொண்டு போயிற்று. குறட்டைக்காரர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்ந்தார்கள். பஞ்சுக்காது என்ற பெயரில் ஒரு அம்மாள் காதில் எதை அடைத்தால் எவ்வளவு கேட்காது என்று ஆராய்ச்சி செய்து எழுதினார். கிள்ளுக்காரர் என்று ஒருவர், தூங்குகிறவரை எங்கே கிள்ளினால் விழிக்காமல் திரும்பிப் படுப்பார் என்று பாடம் நடத்தினார். கிள்ளுவது அநாகரிகம், உதைப்பதுதான் முறை என்று ஒரு கூட்டம் கிளம்ப, மன்றம் கிள்ளு கட்சி, உதை கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. தூக்கம் கெட்டவர்களின் சண்டை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கும் நிதானம் கிடையாது.

கட்டுப்படுத்த ஒரு நெறியாளர் தேவைப்பட்டார். மன்றத்திலேயே இருந்த நூலகர் ஒருவர் முன்வந்தார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அதை மனைவியிடம் சொல்லப்போய், நானா குறட்டை விடுகிறேன் என்று அந்த அம்மாள் போட்ட சத்தம் குறட்டையைவிடப் பெரிதாக இருந்ததாம். தொலைபேசியில்கூடக் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். அவர் பேசுகிறாரா, லைன் கட்டாகிவிட்டதா என்று நமக்குச் சந்தேகம் வரும்.

விதிகளை எழுதக் கடைக்கு வந்தார். கடையில் நாற்காலி கிடையாது, உட்கார்ந்தால் மெத்தையில்தான் உட்கார வேண்டும் என்பது அத்தானின் வியாபாரத் தந்திரம். இருவரும் காட்சிக்கு வைத்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். திட்டக் கூடாது, விடுகிறவரின் சம்மதமில்லாமல் குறட்டையைப் பதிவுசெய்து போடக் கூடாது என்பது வரை அத்தான் மண்டையை ஆட்டினார். விளம்பரங்கள் நீக்கப்படும் என்றதும் நிமிர்ந்தார். யாராவது நம் தலையணையைப் புகழ்ந்து எழுதினால் இந்த மனிதர் விளம்பரம் என்று தூக்கிவிடுவாரே என்ற பயம். உடனே ஒரு விதி சொன்னார். சொந்த அனுபவத்தை எழுதினால், எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதை நீக்கக் கூடாது.

"யாருமேவா?" என்று கிசுகிசுத்தார் நூலகர்.

"யாருமே."

"நீங்க நினைச்சாலும்?"

அத்தானுக்குப் பெருந்தன்மை தலைக்கேறிவிட்டது. மெத்தை மேல் எழுந்து நின்றே சொன்னார். "தள உரிமையாளரே ஆனாலும் சரி. எழுதிக்குங்க."

அந்த வரி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சட்டம் போட்டு மாட்டியவர் என் அத்தான் ஒருவராகத்தான் இருப்பார்.

கொஞ்ச நாளில் முழிச்சிருக்கிறவள் என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. 'என் வீட்டுக்காரர் குறட்டைக்குத் தலையணை விற்கிறார். அவரும் அதில்தான் படுக்கிறார். அந்தத் தலையணை குறட்டையை நிறுத்தவில்லை. வசதியாக உட்கார வைத்து உபசாரம் செய்கிறது. சொன்னால் கனவு கண்டேன் என்கிறார். இங்கே இருக்கிறவர்களாவது நம்புங்கள்.'

படித்த உடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டிச் சாவியைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். அத்தானுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தலையணை விற்கிற இன்னொரு ஆள் எதிர்க்கடைக்காரர்தானே! அவர் மனைவியே எழுதிவிட்டாள், நிம்மதித் தலையணையின் லட்சணம் இதுதான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் பாவம் என்று உச்சுக்கொட்டினார். இவ்வளவு கஷ்டப்படும் பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டும், பதிவை மன்றத்தின் உச்சியில் நிரந்தரமாக நிறுத்துங்கள் என்று நூலகரைக் கேட்டுக்கொண்டார். நூலகர் நிறுத்தினார். அன்று மாலை வீட்டில் அக்காவிடமும் வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, அந்தப் பொம்பளை ரொம்பப் பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம்.

மன்றத்தில் எல்லோரும் முழிச்சிருக்கிறவளை விவரம் கேட்டுத் துளைத்தார்கள். அவளும் தவணை தவணையாக எழுதினாள். மேசை இழுக்கும் கட்டம், மேசை அறைக்குள் வரும் கட்டம், அலமாரிக் கட்டம். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருநாள் கடையில் உரக்க வாசித்துக்கொண்டே வந்தவர், "கடைசியில் குறைக்க முடியாதுங்க என்று..." என்ற இடத்தில் நின்றார். எதிர்க்கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் விலையைக் குறைத்துவிடுகிறவர் என்பது தெருவுக்கே தெரியும். வாழ்க்கையில் ஒரு தடவைகூட விலை குறைக்காத மெத்தைக்காரர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். நான் மறுபடி சாவியைத் தேடினேன்.

அன்றைக்கே நூலகரை அழைத்துப் பதிவை நீக்கச் சொன்னார். முடியாது என்று கிசுகிசுப்பு வந்தது. இது என் தளம் என்றார் அத்தான். தளம் உங்களுடையதுதான், அனுபவம் அவர்களுடையது என்றார் நூலகர். உச்சியிலிருந்தாவது இறக்குங்கள் என்றதற்கு, உரிமையாளரின் வேண்டுகோள்படி நிறுத்தப்பட்டது என்று பதிவின் தலையிலேயே போட்டிருக்கிறது, இறக்கினால் ஏன் என்று கேட்பார்களே என்றார். பொய்யான அனுபவம் என்று அத்தான் ஒரு போடு போட்டுப் பார்த்தார். பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள்தான் அந்த வீட்டுக்காரரா என்று நூலகர் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். அத்தான் போனை வைத்துவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் சட்டம் மட்டும் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அக்காவிடம் பேசும்போது நானும் இருந்தேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கடை மானம் போகிறது, தலையணையை யார் வாங்குவார்கள், நீயே அதை அழித்துவிடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"ஒத்துக்குங்க. அடுத்த நிமிஷம் அழிச்சிடறேன்."

"என்னத்த ஒத்துக்கறது? நான் கேட்டாதானே?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷமா நான் கனவு கண்டேன்னுதான் சொல்றீங்க. அங்க இருக்கறவங்கதான் நான் சொன்னதை நம்பினாங்க. அதையும் அழிச்சிட்டா, மறுபடியும் நான் கனவு கண்டவதான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அத்தான் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரோ, நீக்க முடியாவிட்டால் மன்றத்தையே மூடிவிடுகிறேன் என்று வீறாப்பாக வெளியே போய், தளம் செய்த அம்மாளிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

மன்றத்தில் நூலகர் ஒரு அறிவிப்புப் போட்டார். உரிமையாளர் மன்றத்தை மூடப்போகிறார், கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வரலாம், அமைதியாக வரவும். வந்துவிட்டார்கள். பஞ்சுக்காது அம்மாள் காதில் பஞ்சோடும் கையில் 'அனுபவத்தை அழிக்காதே' என்ற அட்டையோடும் வந்தார். கிள்ளுக்காரர் கனத்த உடம்போடு இருப்பார் என்று நினைத்திருந்தேன், ஒல்லியாக, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு ஒரு பல் வைத்தியர். உதை கட்சியும் பின்னாலேயே வந்தது. அக்காவும் வந்தாள். கடைக்காரர் சம்சாரம் என்று எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள்.

நாற்காலி இல்லாததால் மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். அத்தான் நடுவில் நின்று, ஒரு தள உரிமையாளருக்கு உள்ள உரிமைகள் என்னென்ன என்று ஆரம்பித்தார். நல்ல மெத்தைகள். அறை குளுகுளுவென்று இருந்தது. முக்கியமாக, பக்கத்தில் யாரும் குறட்டை விடவில்லை. உரிமைகளைப் பாதி சொல்வதற்குள் பஞ்சுக்காது சாய்ந்துவிட்டார். அட்டை அவர் வயிற்றின் மேல் ஏறி இறங்கியது. பல் வைத்தியர் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். கிள்ளு கட்சியும் உதை கட்சியும் ஒரே இரட்டை மெத்தையில் முதுகோடு முதுகாகச் சுருண்டன. அக்கா மூலையில் இருந்த ஒற்றை மெத்தையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். அவள் தூங்கி நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! போராட வந்தவர்களில் உட்கார்ந்திருந்தவர் நூலகர் ஒருவர்தான்.

அத்தானுக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. கடைக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா! கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு தலையணை வைத்துக்கொண்டு வந்தார். பல் வைத்தியருக்கு உயரம் சரியில்லை என்று மாற்றிக்கூட வைத்தார். பிறகு அக்கா படுத்திருந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நூலகரிடம் வாதத்தைத் தொடர்ந்தார். பேசிக்கொண்டே சாய்ந்தார்.

எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறதென்று. ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மேசை இழுபட்டது. பஞ்சுக்காது கண்ணைத் திறந்தார். மேசை கடைக்குள் வந்தது. பல் வைத்தியர் எழுந்து உட்கார்ந்தார். அலமாரி இல்லாத குறைக்கு இரும்பு ஷட்டர் நடுங்கியது. இப்போது எல்லோரும் விழித்து, மெத்தையைச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லோரும் பதிவைப் படித்தவர்கள், கட்டங்கள் மனப்பாடம். திடீரென்று சத்தம் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"குறைக்க முடியாதுங்க" என்றார் அத்தான்.

எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மறுபடி மேசை இழுபடத் தொடங்கியபோதுதான் அது நடந்தது. அக்கா விழிக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே அவள் கை நீண்டு, அத்தான் தோளைத் தேடிப் பிடித்து, மேசை இழுப்பறையை மூடுவது போல மெதுவாக ஒரு தள்ளு தள்ளியது. அத்தான் ஒருக்களித்தார். சத்தம் அடங்கியது. அந்தக் கை அங்கேயே கிடந்தது. முழிச்சிருக்கிறவள் யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிள்ளுவதும் வேண்டாம், உதைப்பதும் வேண்டாம் போலிருக்கிறது என்று பல் வைத்தியர் முணுமுணுத்தார்.

ஒருக்களித்ததில் மெத்தையின் விளிம்பு வரை போய், விழப்பார்த்து விழித்துக்கொண்டார் அத்தான். சுற்றிலும் ஆட்கள் நிற்பதைக் கண்டு, என்ன மெத்தை பார்க்கிறீர்கள் என்று வாயெடுத்தார். நூலகர் உதட்டில் விரலை வைத்துவிட்டு, அந்த விரலாலேயே அவர் தோளைக் காட்டினார். அத்தான் தோளைப் பார்த்தார். அதில் அக்காவின் கை. முத்திரை மை படிந்த விரல்கள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"மச்சான், தினமும் இப்படித்தான் தள்ளுவாளா?"

"நான் ஒரு ராத்திரிதான் அத்தான் பார்த்தேன். அன்னிக்கே எண்ண முடியல."

அத்தான், அவள் கை நழுவிவிடக் கூடாது என்று தோளை அசைக்காமல், மறுகையால் போனை எடுத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். முழிச்சிருக்கிறவளின் பதிவுக்குக் கீழே அவர் போட்ட பதில் இது: 'இவர் எழுதினது எல்லாம் உண்மை. கனவு இல்லை. இப்போது தூங்குகிறார். யாரும் பதில் போட்டு எழுப்ப வேண்டாம். இப்படிக்கு, தள உரிமையாளர்.'

அனுப்பினார். கடையிலிருந்த அத்தனை பேரின் போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றது, அக்காவின் கைப்பையில் இருந்ததும் சேர்த்து. நூலகர் வாழ்நாளில் முதல் தடவையாக, "சத்தம் போடாதீங்க!" என்று கத்தினார். அக்கா விழித்துக்கொண்டாள்.

போனை எடுத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அத்தான் குனிந்த தலையோடு, "ஒத்துக்கிட்டேன்ல? இப்ப அழிச்சிடு" என்றார். சொன்ன சொல் தவறாதவள் என் அக்கா. நீக்கு என்ற இடத்தைத் தொட்டாள். இப்பதிவை நீக்கினால் இதன் கீழுள்ள பதில்களும் நீங்கும், சம்மதமா என்று கேட்டது. அக்கா அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"அழிக்க முடியாதுங்க" என்றாள்.

அத்தான் நூலகரைப் பார்த்தார். நூலகர் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய சட்டத்தைப் பார்த்தார்.

மன்றம் மூடப்படவில்லை. அமைதித் தலையணையில் 'குறட்டைக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அத்தான் 'கழுத்துக்கு' என்று போட்டிருக்கிறார், நன்றாகப் போகிறது. மூலையிலிருந்த அந்த ஒற்றை மெத்தையில் 'விற்பனைக்கு இல்லை' என்று ஒரு அட்டை இருக்கிறது. தபால் நிலையம் விட்டதும் அக்கா நேரே வந்து அதில் படுத்துவிடுகிறாள். அந்த நேரத்தில் கடைக்கு யார் வந்தாலும் அத்தான் விலையைக் காதோடு காதாகச் சொல்கிறார், கேட்டால் குறைக்கவும் செய்கிறார். வாக்குவாதத்தில் அவள் எழுந்துவிடுவாளே என்ற பயம்.

நூலகர் வாராவாரம் வருகிறார். உச்சியிலிருந்தாவது அந்தப் பதிவை இறக்குங்கள் என்று அத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், முடியாது என்று அவர் சொல்கிறார். தகராறு இன்னும் தீரவில்லை. இப்போது இரண்டு பேருமே கிசுகிசுப்பாகச் சண்டை போடுகிறார்கள்.